ஆட்ட விதியும் நடுவு நிலையும்

கிரிக்கெட் என்னும் மட்டைப்பந்தாட்டத்திற்கு இலண்டன் மாநகரத்து மேரில்போன் கிரிக்கெட் சங்கத்தார் வகுத்துள்ள விதிகள் 42. எங்கள் ஊராகிய பெருநகரில், கோடையில் ஏரி வற்றிய பின் அதன் உள்வாயில் நாங்கள் ஆடும் ஆட்டத்திற்கோ விதிகள் இவற்றினும் மிகுதி. அவை எந்நூலிலும் அச்சேறியவை அல்ல. ஆயினும் ஊரில் எட்டு வயதுச் சிறுவனும் அவற்றைத் தலைகீழாக ஒப்பிப்பான். சீமைக் கருவேலம் புதருக்குள் பந்தை அடித்தவன் ஆறு ஓட்டம் பெறான், ஆட்டத்தையே இழப்பான். தரையில் ஒருமுறை பட்டெழுந்த பந்தை ஒற்றைக் கையாற் பிடித்தாலும் ஆட்டம் போயிற்று. ஒருவன் ஓயாது அகலப் பந்துகளை வீசுவானாயின் அவனுடைய ஓவர் மூன்று பந்துகளோடு முடிக்கப்பெறும். இதற்குப் ‘பேபி ஓவர்’ என்று பெயர். ஆட்கள் ஒற்றைப்படையாக வந்துவிட்டால் எஞ்சிய ஒருவன் ‘ஜோக்கர்’ ஆகி இரு கட்சிக்கும் மட்டை பிடிப்பான். காலில் பட்டு ஆட்டமிழத்தல் என்பது எங்களிடம் இல்லவே இல்லை. நடுவராக நிற்பவன் தன் முறைக்காகக் காத்திருக்கும் மட்டையாளனே யாதலின், அவ்விதியை அவன் கையில் ஒப்படைக்க எவருக்கும் துணிவில்லை.

இவற்றுள் முதலாவது விதியைக் கேள்வியுறும் பட்டணத்து நண்பர்கள் நகைப்பர். நன்றாக அடித்தவனுக்குத் தண்டனையும், நடுத்தரமாக அடித்தவனுக்கு நான்கு ஓட்டமும் தருவது எவ்வகை நீதி என்று கல்லூரி விடுதியில் ஒருவர் என்னை வினவினார். பந்தின் விலையையும் கருவேல முள்ளின் நீளத்தையும் அறிந்தார் இவ்வாறு வினவார். புதருக்குட் சென்ற பந்து பாதி நாள் திரும்புவதில்லை. திரும்பினும் துளையோடு திரும்பும். பந்தொன்று போனால் அன்றைய ஆட்டம் பதினைந்து பேருக்கும் போயிற்று. ஆகவே பலருடைய ஆட்டத்தைக் காத்தற்பொருட்டு ஒருவனுடைய வன்மைக்கு எல்லை கட்டினர். அவ்வெல்லையும் மட்டை பிடிக்குமுன்னரே எல்லாரும் அறிந்தது. முன்னரே அறிவிக்கப்பெற்று எல்லார்க்கும் ஒன்றாக நிற்கும் விதி நீதியுடையதே என்று யான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் போதாது என்று இப்பொழுது தோன்றுகிறது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வாலிபரிடையே பெரியதொரு வழக்கு எழுந்தது. அயலூர் அணியொன்றோடு நடந்த ஆட்டத்தின் இறுதி ஓவரில் அவர்களுக்கு ஐந்து ஓட்டங்கள் தேவையாயிருந்தன. இருந்தது ஒரே விக்கெட். எங்கள் பக்கத்துப் பந்து வீசுவோன் பதினாறு வயதினன். அவன் ஓடிவருகையில், எதிர்முனையில் நின்ற மட்டையாளன் பந்து கையைவிட்டு நீங்குமுன்னரே மூன்றடி முன்சென்று நின்றான். இவன் பந்தை வீசாது குச்சியைத் தட்டினான். ஆட்டம் முடிந்தது, வென்றோம். ஆனால் வெற்றியைக் கொண்டாடினார் ஒருவரும் இல்லை. அயலூரார் ‘அழுகுணி ஆட்டம்’ என்று கூவினர். எங்கள் அணித்தலைவரே அவனை அழைத்து, “தம்பி, வென்றோம் என்பது மெய், ஆயினும் இப்படியா வெல்வது?” என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திற்கு அவனை எவரும் அழைக்கவில்லை; அதற்கடுத்த ஞாயிறும் அழைக்கவில்லை. ஆலயத்தில் ஆராதனை முடிந்து வெளியே வருகையில் அவன் என் பக்கத்தில் வந்து, “அண்ணா, நான் எந்த விதியை மீறினேன்?” என்று கேட்டான். அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்ததே இக்கட்டுரைக்குக் காரணம்.

அவன் மீறிய விதி யாதும் இல்லை. இவ்வகை ஆட்டமிழத்தலுக்கு நம் நாட்டவர் ஒருவருடைய பெயரே நெடுங்காலம் வழங்கி வந்தது. 1947-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் நடந்த டெஸ்டு ஆட்டத்தில், இந்திய அணியின் வினூ மன்காட் அவர்கள், எதிர்முனையை விட்டு முன்சென்ற பில் பிரௌன் என்பாரை இங்ஙனம் வெளியேற்றினார். அதே பயணத்தில் முன்னொரு ஆட்டத்திலும் அவ்விருவரிடையே இது நிகழ்ந்திருந்தது. அப்பொழுது மன்காட் ஒருமுறை எச்சரித்த பின்னரே குச்சியைத் தட்டினார். ஆஸ்திரேலியப் பத்திரிகைகளிற் சில மன்காட்டைக் குறை கூறின. ஆயினும் அந்நாட்டு அணியின் தலைவராகிய டான் பிராட்மன் அவர்களே, மன்காட் செய்ததில் தவறில்லை என்று பிற்காலத்துத் தம் நூலில் எழுதினார். எதிர்க்கட்சியின் தலைவர் இவ்வாறு எழுதியிருந்தும், செய்தவருடைய பெயர் ஓர் இழிசொல்லாக நிலைத்துவிட்டது. முன்சென்றவர் பிரௌன், பெயர் கெட்டது மன்காட்டுக்கு! களவு போன வீட்டாரின் பெயரைக் களவுக்கு இடுவாரும் உளரோ?

எழுபத்தோராண்டுகள் கழித்து, 2019-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் ஜெய்ப்பூரில், சென்னையிற் பிறந்த ரவிச்சந்திரன் அஸ்வின் அவர்கள் பஞ்சாப் அணிக்குத் தலைவராக இருந்து ஆடினார். ராஜஸ்தான் அணியின் ஜாஸ் பட்லர் 69 ஓட்டங்கள் எடுத்து வெற்றியை நோக்கி விரைந்துகொண்டிருந்தார். அஸ்வின் அவரை அவ்வாறே வெளியேற்றினார். பஞ்சாப் அணி 14 ஓட்டங்களில் வென்றது. அன்றிரவு தொடங்கிய வாதம் பல மாதங்கள் ஓயவில்லை. பட்லருக்கு இது புதிதும் அன்று. 2014-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த ஆட்டமொன்றில் இலங்கை அணியின் சசித்ர சேனநாயக்க, எச்சரித்த பின் அவரை இவ்வாறே வெளியேற்றியிருந்தார். எச்சரித்துச் செய்தவரும் பழிக்கப்பட்டார். எச்சரியாது செய்தவரும் பழிக்கப்பட்டார். ஆகவே குறை எச்சரிக்கை இன்மையில் இல்லை என்பது தெளிவு.

2022-ஆம் ஆண்டு செப்டெம்பர் 24-ஆம் நாள், கிரிக்கெட்டின் தாய்வீடு எனப்படும் லார்ட்ஸ் மைதானத்திலேயே, இந்திய மகளிர் அணியின் தீப்தி சர்மா, இங்கிலாந்தின் சார்லி டீன் என்பாரை 47 ஓட்டங்களில் இங்ஙனம் வெளியேற்ற, இந்தியா 16 ஓட்டங்களில் வென்றது. அதற்கு ஒரு வாரத்திற்குப் பின், அக்டோபர் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, இவ்விதி ‘முறையற்ற ஆட்டம்’ என்னும் 41-ஆம் விதியினின்றும் எடுக்கப்பெற்று, ‘ரன் அவுட்’ என்னும் 38-ஆம் விதியினுள் வைக்கப்பெற்றது. சொற்கள் பெரும்பாலும் அவையே; இருந்த இடந்தான் மாறிற்று. ஆயினும் இலக்கணம் பயில்வோர்க்கு, ஒரு சூத்திரம் எவ்வியலில் நிற்கின்றது என்பதும் அதன் பொருளின் ஒரு பகுதியே என்பது தெரியும். முறையற்றது என்னும் தலைப்பின்கீழ் நெடுநாள் நின்றமையால், அவ்விதியைக் கைக்கொள்வோனே முறையற்றவன் என்று கேட்டார் மயங்கினர்.

எங்கள் ஊர் வழக்கில் எனக்கு எதிராக நின்றவர் என் பெரியப்பா. அவர் சபையில் உபதேசியாராக ஊழியஞ் செய்தவர். இளமையில் இதே ஏரியுள் மட்டை பிடித்தவர். மத்தேயு சுவிசேஷம் பதினெட்டாம் அதிகாரத்தில் கர்த்தர் வகுத்த ஒழுங்கை அவர் எடுத்துக் காட்டினார். குற்றஞ் செய்த சகோதரனிடம் முதலிற் போய்த் தனித்துப் பேசவேண்டும். பின்னர்ச் சாட்சிகளோடு பேசவேண்டும். அதன் பின்னரே சபைக்கு அறிவிக்க வேண்டும். “உன் தம்பி முதற்படியையும் இரண்டாம் படியையும் விட்டு மூன்றாம் படிக்குத் தாவினான்” என்றார் அவர். மிக நயமான வாதம். யான் உடனே மறுமொழி கூறமாட்டாதவனாய் இரண்டு நாள் அதனை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எண்ணிப் பார்க்குங்கால் எனக்குப் பட்டது இது. எச்சரிக்கை என்பது இரக்கத்தின் பாற்பட்டது, விதியின் பாற்பட்டதன்று. இரக்கங் காட்டும் உரிமை அதனைக் காட்டுவோனுக்கு உரியது. பெறுவோன் அதனைக் கடனாகக் கேட்டல் இயலாது. 1987-ஆம் ஆண்டு அக்டோபரில் லாகூரில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தின் இறுதிப் பந்தில், மேற்கிந்தியத் தீவுகளின் கோர்ட்னி வால்ஷ், முன்சென்று நின்ற சலீம் ஜாபரை வெளியேற்றியிருக்கலாம். அவர் நின்று எச்சரித்துத் திரும்பினார். பாகிஸ்தான் ஒரு விக்கெட்டில் வென்றது. மேற்கிந்திய அணி அரையிறுதியை எட்டாது திரும்பிற்று. வால்ஷைப் புகழாதார் இல்லை. ஏன் புகழ்ந்தனர்? அவர் செய்யவேண்டிய கடமை அன்று அது என்பதனாலன்றோ? எல்லாரும் செய்தே தீரவேண்டியது எனின் அதிற் புகழ்ச்சிக்கு இடமேது? வால்ஷின் பெருந்தன்மை அவருடைய சொந்தப் பொருள். அதனை எங்கள் ஊர்ப் பையன்மீது வரியாக விதித்தல் கூடாது.

மேலும், இரு முனைகட்கும் இடையே உள்ள தூரம் 22 கஜம், அஃதாவது 66 அடி. கோட்டிலிருந்து கோட்டுக்கு ஓடவேண்டிய தூரம் இதனினும் எட்டடி குறைவு. அதில் மூன்றடியை முன்கூட்டியே கடந்து நிற்பவன், ஒவ்வோர் ஓட்டத்திலும் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கை இலவசமாகப் பெறுகிறான். பந்து வீசுவோனுடைய கால் கோட்டை ஓர் அங்குலம் தாண்டினும் அது ‘நோ பால்’ ஆகிறது; எதிரிக்கு ஓட்டமும் தரப்படுகிறது. அவனுக்கு எவரும் முதலில் ஓர் எச்சரிக்கை தருவதில்லை. ஓர் அங்குலத்திற்கு மன்னிப்பில்லாத இடத்தில் மூன்றடிக்கு மன்னிப்புக் கேட்பதை எவ்வாறு நடுவு நிலைமை என்பது? இதனைப் பெரியப்பாவிடம் கூறியபோது அவர் சிரித்தாரேயன்றி ஒப்புக்கொள்ளவில்லை.

நிற்க. எங்கள் அணியின் ஆட்டக் கணக்கை எழுதுபவன் யானே. மட்டை பிடிப்பதில் எனக்குத் தேர்ச்சி போதாமையால் பென்சிலைப் பிடிக்குமாறு விதிக்கப்பெற்றேன். அன்றைய கணக்கில், அயலூர் மட்டையாளன் பெயருக்கு நேரே ‘ரன் அவுட்’ என்று எழுதினேன். பந்து வீசியவனுடைய கணக்கிலோ ஒன்றும் ஏறவில்லை. ஏனெனில் ரன் அவுட் எவ்வகையில் நிகழினும் அந்த விக்கெட் பந்து வீசுவோன் பெயரிற் சேர்வதில்லை என்பது கணக்கு மரபு. மற்றெல்லா ரன் அவுட்டிலும் இம்மரபு பொருந்தும். பந்தைத் தடுத்து எறிந்தவன் வேறொருவன் அல்லனோ? இதிலோ பந்து அவன் கையை விட்டே நீங்கவில்லை. கண்டவனும் அவனே, தட்டியவனும் அவனே. பழி முழுவதும் அவன் தலைமேல் ஏறிற்று. பயன் ஒரு புள்ளியளவும் அவன் ஏட்டில் ஏறவில்லை.

அது முதலாக, ஆட்டக் கணக்கு எதனை எண்ணுகிறது, எதனை எண்ணாது விடுகிறது என்னும் ஆராய்ச்சியில் என் மனம் சென்றது. கிரிக்கெட் கணக்கில், பிடிக்கத் தவறிய பந்துக்கு இடமே இல்லை. ஒருவன் நன்கு வீசி, மட்டையாளன் தவறாக அடித்து, கையில் வந்து விழுந்த பந்தை மூன்றாமவன் நழுவவிட்டான் என்று கொள்வோம். அம்மட்டையாளன் அதன்பின் 80 ஓட்டங்கள் எடுப்பானாயின் அவற்றுள் தன் பந்துகளில் வந்தவை யாவும் வீசியவன் கணக்கிற் கடனாக ஏறும். நழுவவிட்டவன் பெயரைத் தேடினும் காணோம். இருபதாண்டு கழித்து அவ்வேட்டைப் புரட்டுவோன், வீசியவன் வலியற்றவன் என்றே முடிவு செய்வான்.

அமெரிக்கர் ஆடும் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் இவ்வாறு இல்லை என்று கல்லூரி நூல்நிலையத்திற் படித்தறிந்தேன். அவ்வாட்டத்தின் கணக்கு முறைக்கு வித்திட்டவர் ஹென்றி சாட்விக் (1824–1908) என்பார். அவர் இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரிற் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா சென்று, நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்திகளை எழுதி வந்தவர். கிரிக்கெட் ஏட்டையே முன்மாதிரியாகக் கொண்டு அவர் புதிய ஆட்டத்திற்கு ஏடு வகுத்தார். அவ்வாறு வகுத்த ஏட்டில், கிரிக்கெட்டில் இல்லாத ஒரு பத்தி இருந்தது. அஃது ‘எரர்’, அஃதாவது பிழை. எளிதிற் பிடிக்கத்தக்க பந்தை ஒருவன் தவறவிட்டால் அவன் பெயருக்கு நேரே பிழை என்று ஏறும். அப்பிழையால் எதிரி பெற்ற ஓட்டம், பந்து எறிந்தவனுடைய சராசரிக் கணக்கிற் சேர்க்கப்படுவதில்லை. தன் குற்றமல்லாததற்குத் தான் கடன்படாதிருத்தல் எத்துணை நேர்மையான ஏற்பாடு! ஆயின் எளிதிற் பிடிக்கத்தக்கது எது என்று தீர்ப்பவர் யார்? ஆடுவோருமல்லர், நடுவருமல்லர், ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஏடெழுதும் கணக்கரே. ஒரு கணக்கர் பிழை என்பதை மற்றொருவர் நல்லடி என்று எழுதக்கூடும். நீதியை நாடிப் பத்தியொன்றைச் சேர்க்க, அப்பத்தியினூடே மனிதருடைய விருப்பு வெறுப்பும் நுழைந்துவிடுகிறது. எங்கள் ஊரில் யான் இம்முறையைப் புகுத்தி, அணித்தலைவர் பெயருக்கு நேரே பிழை என்று எழுதுவேனாயின், அன்று மாலை முழுக் காலோடு வீடு திரும்புவது ஐயமே.

அவ்வமெரிக்கர் ஒருமுறை பெரிதும் தடுமாறியதும் உண்டு. எறிபவர் நான்கு முறை குறி தவறி எறியின், அடிப்பவன் அடியாமலே முதல் தளத்திற்கு நடந்து போகலாம் என்பது அவ்வாட்டத்தின் இக்கால ஏற்பாடு. 1887-ஆம் ஆண்டில் மட்டும் அந்நடையையும் நல்லடியாக எண்ணவேண்டும் என்று விதித்தனர். அவ்வாண்டு எல்லாருடைய சராசரியும் வெள்ளம்போல் ஏறிற்று. மறு ஆண்டே அவ்விதியை நீக்கினர். ஆடினவரும் அவரே, அடித்த அடியும் அதுவே. கூட்டற் கணக்கை மாற்றியதும் எல்லாரும் பெருவீரராயினர். கிரிக்கெட்டிலும் அகலப் பந்துக்கும் ‘நோ பாலு’க்கும் தரும் ஓட்டங்கள் 1980-களின் இடைப்பகுதியிலிருந்துதான் பந்து வீசுவோன் கடனாக ஏறத் தொடங்கின. அதற்கு முற்பட்ட வீரர்களோடு பிற்பட்டவர்களை எண்ணால் ஒப்பிடுவார் இதனை மறத்தலாகாது.

முன்னே நிறுத்திய கருத்துக்கு வருகிறேன். முன்னரே அறிவித்த விதியாயின் நீதியுடையது என்பது போதுமா? 2019-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் லார்ட்ஸில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் 241 ஓட்டங்களில் சமமாயின. தனி ஓவர் ஒன்று ஆடியபோது 15 ஓட்டங்களில் மீண்டும் சமமாயின. அப்பொழுது எல்லைக்கோட்டைத் தொட்ட அடிகளை எண்ணினர். இங்கிலாந்துக்கு 26, நியூசிலாந்துக்கு 17. கோப்பை இங்கிலாந்துக்குப் போயிற்று. விதி முன்னரே அச்சிடப்பட்டதே; இரு தலைவரும் உடன்பட்டதே. ஆயினும் உலகில் எவர் மனமும் அதனை ஏற்கவில்லை. ஓடி எடுத்த ஓட்டமும் அடித்துப் பெற்ற ஓட்டமும் ஆட்டம் முழுவதும் ஒரே மதிப்புடையனவாக இருக்க, முடிவில் மட்டும் ஒன்று உயர்ந்தது என்றால் அஃது ஆட்டத்தின் இயல்போடு பொருந்துமா? அவ்வாண்டு அக்டோபரிலேயே சர்வதேசக் கிரிக்கெட் சபையார் அதனை நீக்கிவிட்டனர். 1992-ஆம் ஆண்டு சிட்னியில் நடந்த அரையிறுதியும் இத்தகையதே. 13 பந்துகளில் 22 ஓட்டங்கள் எடுக்கவேண்டியிருந்த தென்னாப்பிரிக்கருக்கு, 12 நிமிட மழைக்குப் பின் ஒரே பந்து மிஞ்சிற்று. இலக்கோ ஏறக்குறைய அப்படியே நின்றது. அங்கும் விதி முன்னரே எழுதப்பட்டதுதான். அறிவித்தல் விதிக்கு ஒரு கால். விளையாட்டின் நோக்கத்தோடு இசைதல் மற்றொரு கால். ஒற்றைக் காலில் விதி நிற்காது.

விதியும் செவ்வையாக, அறிவிப்பும் செவ்வையாக இருந்து, தீர்ப்பவர் கண்ணைப் பொறுத்து முடிவு தொங்கிய ஆட்டத்தைச் சென்னை சேப்பாக்கத்திற் கண்ட முதியோர் இன்றும் பேசுவர். 1986-ஆம் ஆண்டு செப்டெம்பர் 22-ஆம் நாள், இந்தியாவின் இலக்கு 348. ஓட்டங்கள் 347 ஆகி இரு பக்கமும் சமமாய் நின்றன. எஞ்சியவை ஒரு விக்கெட்டும் இரண்டு பந்துகளும். கிரெக் மாத்யூஸ் வீசிய பந்து மணீந்தர் சிங்கின் காலிற் பட, நடுவர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். டெஸ்டு வரலாற்றில் இரண்டாவதாகச் சமமான ஆட்டம் அது. பந்து முதலில் மட்டையில் பட்டது என்பது மணீந்தர் கூற்று. விக்ரம்ராஜு அதன்பின் வேறெந்த டெஸ்டு ஆட்டத்திலும் நடுவராக நிற்கவில்லை. ஒரு கணத்தில் தம் கண்ணுக்கு உண்மையென்று பட்டதை, தம் நாட்டுக்கு எதிராயினும் சொன்னவரை யான் குறைகூறேன். எங்கள் ஏரியுள் காலிற்பட்டு ஆட்டமிழக்கும் விதி ஏன் இல்லை என்பதும் இதனால் விளங்கும். அத்தகைய மனவலி உடையார் எங்களுள் அரியர்.

எங்கள் வட்டத்தின் தலையிடமாகிய உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள்ளன என்பது தமிழ் பயில்வார் அறிந்ததே. 919-ஆம் ஆண்டின் கல்வெட்டு ஊர்ச்சபைக்கு வாரியரைத் தெரிந்தெடுக்கும் விதியை உரைக்கிறது. 921-ஆம் ஆண்டின் கல்வெட்டு அதனைத் திருத்துகிறது. முன்னதில் 30-க்கு மேல் 60-க்குள் என்றிருந்த வயது, பின்னதில் 35-க்கு மேல் 70-க்குள் என்று மாறியது. வகுத்த விதியிற் குறை கண்டபோது இரண்டே ஆண்டில் மாற்றி, மாற்றியதையும் கல்லில் வெட்டி வைத்தனர். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் விலக்கப்பட்டனர். 30 குடும்புகளிலும் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, முதியவர் ஒருவர் அக்குடத்தை எல்லாரும் காண உயர்த்திப் பிடிக்க, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். யூதாசின் இடத்திற்கு மத்தியாவைச் சீட்டினால் தெரிந்துகொண்ட அப்போஸ்தலரும், டாஸ் போடும் அணித்தலைவரும் நாடியது இதனையே: எவன் கையும் தொடாத ஒரு முடிவு.

இக்கல்வெட்டை முதன்முறை கண்டபோது பெருமிதத்தால் உள்ளம் பூரித்தேன். இரண்டாம் முறை நின்று படித்தபோது வேறொன்று தோன்றியது. ஓலையிற் பெயர் ஏறுதற்கு இறைகட்டும் கால்வேலி நிலமாவது வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். அச்சபை பிராமணர் சபை. குடத்தினுள் விழுந்த ஓலைகளுக்குள்ளே நடுவு நிலைமை சிறிதும் கோணவில்லை. அந்நிலத்தை உழுதவனுடைய ஓலையோ குடத்தின் பக்கமே வரவில்லை. ஆயிரமாண்டுக்கு முற்பட்டாரை இன்றைய அளவுகோலால் அளக்கலாகாது என்பர், அளக்கவில்லை. எங்கள் ஏரியைத்தான் அதனால் அளந்தேன்.

எல்லைக்கோட்டுக்கு அப்பால், கருவேலம் புதரோரத்தில், ஏழெட்டுச் சிறுவர்கள் எந்நேரமும் நிற்பர். அவர்கள் எந்த அணியிலும் இல்லை. ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சேர்த்துக்கொள்ளப்பட்டவரும் அல்லர். அடித்தவனே பந்தைத் தேட வேண்டும் என்பது எங்கள் விதி. ஆனால் நடப்பது அதுவன்று. “டேய், எடுத்து வா” என்று எவனாவது கூவினால் இவர்களுள் ஒருவன் முள்ளுக்குள் நுழைவான். செருப்புள்ளவன் சிலனே. ஆட்டம் அவர்களாலேயே தடைபடாது நடக்கிறது. மட்டை அவர்கள் கைக்கு வந்ததை யான் கண்டதில்லை.

எச்சரிக்கை பற்றிய வழக்கு முதலில் முடிந்தது. விடுமுறை முடியுமுன் எல்லாரும் கூடி, எங்கள் ஆட்டங்களில் ஒருமுறை எச்சரித்த பின்னரே குச்சியைத் தட்டவேண்டும் என்று ஒன்பதுக்கு ஆறாகத் தீர்மானித்தனர். யான் அறுவருள் ஒருவன், தோற்றேன். பெரும்பான்மையோர் முன்னரே அறிவித்துச் செய்துகொண்ட ஏற்பாடாதலின் அதற்குக் கட்டுப்படுகிறேன். அதே கூட்டத்தில், விதி இல்லாத காலத்திற் செய்ததற்காக அப்பையனை விலக்கி வைத்தல் கூடாது என்று பெரியப்பாவே எழுந்து கூறினார். அடுத்த ஞாயிறு அவன் பந்து வீசினான். இப்பொழுதெல்லாம் ஓடிவந்து நடுவில் நின்று, எதிர்முனையானை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கிறான். பார்வைக்கே பலர் பின்வாங்கிவிடுகின்றனர்.

கணக்கேட்டில் மட்டும் எவரையும் கேளாது யானே ஒரு மாற்றஞ் செய்தேன். பக்கத்தின் வலக்கோடியில் அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு இழுத்து, ‘பந்து மீட்டோர்’ என்று பத்தியொன்று வகுத்தேன். அணித்தலைவர் அதைப் பார்த்து, “இஃது எதற்கப்பா?” என்றார். “கணக்குக்குத்தான், அண்ணா” என்றேன். முதல் நாளன்று அப்பத்தியிற் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பெயருக்கு நேரே ஏழு கோடுகள் விழுந்தன. ஆட்டம் கலைந்தபின் அவன் வந்து ஏட்டை எட்டிப் பார்த்தான். தன் பெயரைக் கண்டுகொண்டு, இவ்வேழும் ஓட்டத்திற் சேருமா என்று வினவினான். சேராது என்றேன். சிறிது நேரம் நின்று, “அப்படியானால் ஏழுக்கு ஓர் ஓவர் மட்டை தருவீர்களா, அண்ணா?” என்றான்.

அவ்வழக்கு இன்னும் தீரவில்லை. தரலாம் என்பார் எழுவர். ஏழு மிகக் குறைவு, பத்தாவது வேண்டும் என்பார் ஐவர். இவ்வாறு தொடங்கினால் பந்தைப் புதருக்குள் வேண்டுமென்றே உருட்டிவிட்டு எடுத்து வருவார்கள் என்று அஞ்சுவார் மூவர். இம்மூவர் சொல்வதிலும் பொருள் இல்லாமலில்லை. பொங்கல் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது கூட்டம் வைத்திருக்கிறோம்.